அன்று நான் தொடாத ரோல்ஸ்

இன்று காலை என் கடையின் களஞ்சியத்தில் ஒரு பெட்டி கிழிந்தது. ரவி ஃபோர்க்லிஃப்டை அவசரமாகத் திருப்பியதில், அதன் இரும்பு முள் அடியிலிருந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறிவிட்டது. உள்ளே இருந்த ஒடியல் மா தரையெல்லாம் கொட்டியது. இப்படி ஏதாவது நடந்தால் நான் முதலில் சத்தம் போடுவேன், பிறகுதான் என்ன சாமான் என்று பார்ப்பேன். பதினெட்டு வருடமாக என்னோடு வேலை செய்கிற ரவிக்கு அது தெரியும். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து காத்து நின்றான். எனக்குச் சத்தம் வரவில்லை. காய்ந்த பனங்கிழங்கின் அந்தக் கசந்த மணம் மூக்கில் ஏறிவிட்டது.

"என்ன அண்ணை, ஏசப் போறியளோ, கூட்டட்டோ?"

"கூட்டு," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மச்சான், நீ போய் இருபத்துமூன்று நாள் ஆகிறது. உன் கார் டிக்கியைத் திறந்தால் முதலில் வருகிற மணம் அது. குளிர்காலச் சனிக்கிழமைகளில், ஈரப் புல்லுக்கும் வியர்வைக்கும் தசைக்குப் பூசுகிற தைலத்துக்கும் நடுவில், உன் ஒடியல் கூழின் மணம் மட்டும் தனியாக நடந்து வரும்.

நான் சுற்றிவளைத்துப் பேசுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடமாக ஒரு மைதானமே உன் கூழ்தான் பல்கலைக்கழக அணிப் பெடியன்களைப் படுக்கையில் விழுத்தியது என்று நம்பிக்கொண்டிருந்தது. விழுத்தியது உன் கூழ் இல்லை, என் கடையின் பொரித்த மீன் ரோல்ஸ். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நாம் இருவரும் அதைப் பற்றி ஒரே ஒரு தடவை, அதுவும் பாதி வாயால், பேசியிருக்கிறோம். முழு வாயால் சொல்ல நான் எடுத்துக்கொண்ட காலத்தில் நீ போய்விட்டாய்.

இந்தக் கதையை அறியாதவர்களுக்காக, நீ எப்படி அந்த மைதானத்துக்குப் போனாய் என்பதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் மின்வேலை பார்ப்பவன் நீ. ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, மைதான விளக்கு ஒன்று எரியவில்லை என்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏணியில் நின்றபடி மாணவர் அணியின் ஃபூட்டி ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாய். நீள்வட்டப் பந்தை நான்கு கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் அந்த ஆட்டத்தின் விதி எதுவும் உனக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம், இடைவேளையில் ஒரு பெடியன் உதடு நீலமாகி நடுங்கிக்கொண்டு நின்றது. இறங்கி வந்து டிக்கியைத் திறந்து, உனக்கென்று வைத்திருந்த தேத்தண்ணியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தாய். அடுத்த சனி விளக்கு எரிந்தது. நீ இரண்டு ஃபிளாஸ்க்கோடு போனாய். மூன்றாவது சனி, பழைய போர்வையால் சுற்றிய பெரிய சட்டியில் கூழ்.

"ஏன்டா உனக்கு இந்த வேலை?" என்று நான் கேட்டேன்.

"பசிச்ச பெடியளுக்குச் சாப்பாடு குடுக்கிறது வேலையோ?" என்றாய்.

அந்த மைதானத்தின் வழக்கமே காரோடு ஒட்டியது. எல்லோரும் வேலிக்கு முகம் கொடுத்து வட்டமாகக் காரை நிறுத்துவார்கள். நம் அணி கோல் போட்டால் அத்தனை காரும் ஹோர்ன் அடிக்கும். காரின் பின்புறம் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு சான்ட்விச், வைன், சூப்பு. நீ அமெரிக்கக் கல்லூரிகளின் வீடியோவை எனக்குக் காட்டிச் சிரிப்பாய். அங்கே ஆட்டம் தொடங்க எத்தனையோ மணி நேரத்துக்கு முன்பே கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி, கூடாரம் அடித்து, கல்யாண வீடுபோல நடக்கும். "பார் மச்சான், ஆட்டம் பார்க்க வந்த சனமோ சமைக்க வந்த சனமோ தெரியேல்லை. நாங்களெல்லாம் இன்னும் ஒரு சட்டியிலதான் நிக்கிறம்."

உன் ஒரு சட்டி போதுமாக இருந்தது. நண்டும் இறாலும் பயற்றங்காயும் மரவள்ளியும் மிதக்க, செத்தல் மிளகாய் அரைத்த உறைப்போடு, காகிதக் கோப்பையில் நீ நீட்டுவதை வாங்கிக்கொண்டு அவர்கள் மூக்கால் தண்ணீர் ஒழுக நிற்பார்கள். 'கூழ்' அவர்கள் வாயில் 'கூல்' ஆனது. அப்போது அணித்தலைவனாக இருந்த லியாம் ஒருநாள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இவ்வளவு சூடான, இவ்வளவு உறைப்பான ஒன்றுக்கு யார் இந்தப் பெயரை வைத்தது?" என்று கேட்டான். நீ உன் உடைந்த ஆங்கிலத்தில், "மை வைஃப்" என்றாய். வதனி அன்று வரவில்லை. நீ வீட்டுக்குப் போய் அதைச் சொல்ல, அவள் உன்னைத் துரத்தினாளாம்.

எதிரணிக்கும் கொடுப்பாய். அதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம். தோற்றுப்போய் வெளியேறும் பெடியன்களைக் கைதட்டிக் கூப்பிட்டுக் கொடுப்பாய். "அவங்களும்தான் ஓடினவங்கள்" என்பாய்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் நீதான். "ஒரு சனிக்கிழமை கடையைப் பூட்டினா மெல்பேர்ண் பட்டினி கிடக்குமோ?" என்று நையாண்டி செய்து இழுத்துப் போனாய். நீ அங்கே பசித்த பெடியன்களைப் பார்த்தாய். நான் அங்கே வேலியைப் பார்த்தேன். வெறும் வேலி. அதில் தொங்கிய நாலைந்து விளம்பரப் பலகைகள். வேலியோரம் நின்றவர்கள் யார் யார் என்று விசாரித்தேன். வழக்கறிஞர், பல் வைத்தியர், நாலு கோப்பிக்கடை வைத்திருக்கும் ஒருவர், பல்கலைக்கழக உணவகத்தைப் பொறுப்பாகப் பார்க்கும் பெண்மணி. ஒரு கப் கூழ் குடித்து முடிக்கும் முன்பே எனக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. அடுத்த பருவத்தில் என் கடையின் பெயர் வேலியில் தொங்கியது. அதற்கடுத்ததில் நான் கோட்டரியில் இருந்தேன்.

கோட்டரி என்பது அணியைத் தாங்கும் ஆதரவாளர்களின் வட்டம். இங்கே எல்லா ஃபூட்டிக் கழகத்திலும் அப்படி ஒன்று உண்டு. நான் முதன்முதலாக அந்தச் சொல்லை உன்னிடம் சொன்னபோது, "கோட்டரியோ, கோட்டையோ?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். பிறகு கயிறு கட்டினோம். வெயில் விழுகிற வடக்குப் பக்கம் ஸ்டிக்கர் ஒட்டிய கார்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி, கம்பு நட்டு, நீலக் கயிறு இழுத்து, உள்ளே வெள்ளைக் கூடாரமும் அடித்தோம். ஸ்டிக்கர் என்றொன்று வருவதற்கு ஆறு வருடம் முந்தியே நீ அங்கே கார் விட்டவன். அந்தச் சனிக்கிழமை வந்து, இறங்கி, கயிற்றைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் காரைத் திருப்பித் தெற்குப் பக்கம் கொண்டுபோய் விட்டாய். கடற்காற்று நேரே முகத்தில் அடிக்கிற பக்கம்.

நான் ஓடி வந்தேன். "டேய், நான் உனக்கொரு ஸ்டிக்கர் எடுத்துத் தாறன்."

"வேண்டாம் மச்சான். கூழுக்கு ஸ்டிக்கர் ஒட்டினா ருசி மாறிடும். நீங்கள் கோட்டைக்குள்ள இருங்கோ. நாங்கள் அகழியில நிக்கிறம்."

பெடியன்கள் ஆட்டம் முடிந்ததும் கூடாரத்துக்குள் வந்து எங்களோடு கைகுலுக்குவார்கள். பிறகு மைதானத்தைக் குறுக்கே கடந்து உன்னிடம் ஓடுவார்கள். அதைப் பார்க்க எனக்கு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படியான வட்டங்களைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. காயம்பட்ட காலைப் பார்க்க ஒரு ஃபிசியோ வந்தது எங்களால். சீருடை, பயிற்சியாளர், வெளியூர்ப் பயணம், எல்லாம் எங்களால். படிக்க வந்த பெடியன் கைக்காசைப் போட்டு விளையாடத் தேவையில்லை என்று செய்தது நாங்கள்தான். ஆனால் உள்ளே இருந்து கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கொடுக்கிறவனைக் கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது. நான் தப்பியது அதனால்தான்.

இனி அந்தச் சனிக்கிழமை. இறுதியாட்டத்துக்கு முந்தின வாரம். வெள்ளிக்கிழமை காலை களஞ்சியத்தைத் திறந்தபோது உறைகுளிர் அறை நின்றுபோயிருந்தது. இரவு எப்போது நின்றதென்று யாருக்கும் தெரியாது. மீன் ரோல்ஸ் பெட்டிகளைத் தொட்டால் அட்டை ஈரமாக அமுங்கியது. ரவி ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இதை எறியிறதுதான் நல்லது" என்றான்.

"மணக்குதோ?"

"மணக்கேல்லை. ஆனா..."

"மணக்கேல்லையெல்லோ. திரும்ப உறையவிடு."

கடைக்கு அனுப்பவில்லை. அந்த அளவு பயம் எனக்கு இருந்தது. விற்ற சாமானில் பிழை வந்தால் கடை போகும். ஆனால் எறியவும் மனம் வரவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. விற்க முடியாததை அன்பளிப்பாகக் கொடுக்கலாம். அன்பளிப்பில் யார் குறை காணப் போகிறார்கள்? மறுநாள் ஆறு பெட்டியைக் கூடாரத்துக்கு அனுப்பினேன், பொரித்துக் கொடுக்க ஆளோடு. கடைப் பெயர் போட்ட பதாகையும் கட்டுவித்தேன். லியாம் ஒலிபெருக்கியில் எனக்கு நன்றி சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் அன்று ஒரு ரோல்ஸ்கூடத் தொடவில்லை. கயிற்றைக் கடந்து உன்னிடம் வந்து இரண்டு கோப்பை கூழ் குடித்தேன். "என்ன, கோட்டைக்காரர் அகழிப் பக்கம்?" என்றாய். "குளிருது" என்றேன்.

இரவுக்குள் ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு வாந்தி, வயிற்றோட்டம். சில பெற்றோருக்கும். பின்வரிசையில் ஆடும் ஒரு பெடியனை ஆஸ்பத்திரியில் வைத்து இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். நல்லகாலம் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். ஆனால் அடுத்த சனி இறுதியாட்டத்துக்கு எட்டுப் பேர் இல்லாமல் இறங்கித் தோற்றார்கள்.

செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழு கூடியது. வெளியே போனால் கழகத்துக்குக் கெட்ட பெயர், உள்ளேயே முடித்துவிடுவோம் என்றார் தலைவர். என்ன சாப்பாடு என்று யாரும் கேட்கவே இல்லை. எல்லோர் மனதிலும் ஏற்கனவே பதில் இருந்தது. நண்டு. இறால். பெயர் வாயில் நுழையாத மா. பழைய போர்வை. கார் டிக்கி.

ஃபிசியோவாக இருந்த பெண் மட்டும் கையை உயர்த்தினாள். "ரோல்ஸையும் பார்க்க வேண்டாமா?"

தலைவர் என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பார்வை. "யாரும் அப்படிச் சொல்லவில்லை," என்றார் என்னிடம், அவளிடம் சொல்வதற்குப் பதிலாக.

"எங்கட இடத்தில எல்லாம் முறைப்படிதான்," என்றேன் ஆங்கிலத்தில். நான் வாய்திறந்து சொன்ன பொய் அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் சும்மா இருக்க, தானாக நடந்தது.

வீட்டில் சமைத்த உணவு இனி மைதானத்தில் கூடாது என்று கடிதம் எழுத முடிவாயிற்று. "அவர் உன் நண்பர். நீ கொண்டுபோய்க் கொடுத்தால் மனம் நோகாது," என்றார் தலைவர். நான் ஓம் என்றேன். அந்தக் கடிதத்தின் வசனங்களைச் சரிபார்த்துக் கொடுத்ததும் நான்தான்.

கிரான்பர்னில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ முன்னறையில் கதிரையில் இருந்து ஒரு பழைய விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தாய். குசினிக்குள் குழாய் ஓடுகிற சத்தம். கடிதத்தை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மெல்ல வாசித்தாய். மடித்தாய். விசிறியின் இறகு ஒன்றைத் துணியால் துடைத்தாய்.

"நீ அண்டைக்கு ரோல்ஸ் தொடேல்லை, என்ன மச்சான்."

கேள்வியாகச் சொல்லவில்லை.

"எங்கட வீட்டில எல்லாரும் கூழ்தான் குடிச்சனாங்கள். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நீயும் ரெண்டு கப் குடிச்சனி."

நான் தரையைப் பார்த்தேன்.

"கடையில இப்ப எத்தினை பேர்?"

"பதினாலு."

நீ அடுத்த இறகை எடுத்தாய். "எனக்குப் பேர் போனா ஒரு சனிக்கிழமை போகும். உனக்குப் போனா பதினாலு வீடு போகும். விடு."

அந்த நேரம் குழாய் நின்றது. வதனி கையைத் துடைத்தபடி வந்து, "அண்ணை, பெடியளுக்கு இப்ப சுகமோ?" என்று கேட்டாள். "சுகம், ஒருத்தருக்கும் பயமில்லை" என்றேன். தேத்தண்ணி போடட்டோ என்றாள். வேண்டாம், வேலை கிடக்கு, போட்டு வாறன் என்று எழும்பிவிட்டேன். கார்வரைக்கும் கூட வந்து, "பாத்துப் போ" என்றாய்.

உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வாசலில். நன்றி என்றாவது.

நீ மைதானத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கோபித்துக்கொண்டு நின்றிருந்தால் நானும் ஏதாவது காரணம் கண்டுபிடித்துக் கோபித்திருப்பேன். நீ அதே தெற்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறக்காமல், கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு ஆட்டம் பார்த்தாய். விளக்கு பழுதென்றால் ஏறினாய். பெடியன்கள் உன்னைக் கண்டு, "இன்று கூல் இல்லையா அங்கிள்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். பிறகு அது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. யாருக்காவது வயிறு கலங்கினால் "கூல் ஆகிட்டான்" என்பார்கள். உன்னைப் பார்த்திராத புதுப் பெடியன்களும் அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டார்கள். பல்கலைக்கழக உணவகம் என் ரோல்ஸை எடுக்கத் தொடங்கியது. புதிய உறைகுளிர் அறை, மின்சாரம் நின்றால் மணி அடிக்கிற கருவி, எல்லாம் போட்டேன். அதற்குப் பிறகு என் சாமானில் ஒரு பிழை வந்ததில்லை. அது உன் பெயரை வைத்து நான் படித்த பாடம்.

ஏன் சொல்லவில்லை? முதல் கிழமை பயம். முதல் மாதம் உணவக ஒப்பந்தம். முதல் வருடம் முடிந்த பிறகு, இப்போது சொன்னால் ஏன் அப்போது சொல்லவில்லை என்பார்களே என்ற வெட்கம். பிறகு பழகிவிட்டது. நீ மட்டும் எப்போதாவது கடைக்கு வந்து உறைபெட்டியிலிருந்து ஒரு ரோல்ஸ் பக்கெட்டை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்தக் கிழமைச் சாமான்?" என்று கேட்பாய். முகத்தில் குறும்பு. நான் சிரித்துச் சமாளிப்பேன். நீ அதை வாங்கிக்கொண்டு போவாய். அந்த நகைச்சுவைக்குள்ளாவது நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன். வசதியானதை எடுத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

உன் இறுதிச் சடங்குக்கு லியாம் கழகத்துக் கழுத்துப்பட்டியோடு வந்தான். இப்போது அவன் பள்ளிக்கூட ஆசிரியர். பேச எழுந்து, நீ ஊற்றிக் கொடுத்த முதல் கோப்பையைச் சொன்னான், எதிரணிக்குக் கைதட்டிக் கூப்பிட்டதைச் சொன்னான், குரல் உடைந்தது. அதைச் சமாளிக்க, "அவர் எங்களுக்கு எல்லாம் தந்தார், ஒரு தடவை வயிற்றோட்டமும் தந்தார்" என்றான். மண்டபம் சிரித்தது. அன்பான சிரிப்புத்தான். முன்வரிசையில் இருந்த நானும் சிரித்தேன். உன் பெட்டி எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தது. வதனி மட்டும் சிரிக்கவில்லை. கைகளைச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். துக்கம் என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை அவள் மல்கிரேவிலுள்ள என் கடைக்கு வந்தாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள், நான் ஒரு பக்கம் எழுத வேண்டும். "உங்களைத்தான் அவர் கூட நம்பினவர்" என்றாள். எழுதுகிறேன் என்றேன். போகாமல் நின்றாள். கடையில் ஆட்கள் இருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணை, ஒண்டு எழுதுவியளோ. அந்தக் கூழ் விஷயம்."

தெரிந்துவிட்டதென்று நினைத்தேன். மச்சான், உண்மையைச் சொன்னால், ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"அண்டைக்கு நண்டு துப்பரவாக்கினது நான். விடிய வேலைக்குப் போற அவசரத்தில, கடைசி நாலைஞ்சு நண்டைச் சரியாப் பாக்காமல் போட்டிட்டன். எங்கட கோப்பையில விழாமல் அது பெடியளின்ர கோப்பையில விழுந்திட்டுது. என்ர கையால வந்த பிழை அது. அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்தது, இவர் மைதானத்தில தலைகுனிஞ்சு நிண்டது, எல்லாம் என்னால. ஆனா ஒருநாள் ஒருபொழுது அவர் என்னைக் குறை சொல்லேல்லை. இப்பிடியொரு மனிசன் எண்டு எழுதுங்கோ. என்ர பிழையை நான்தான் சொன்னனான் எண்டும் எழுதுங்கோ. அவற்ற பேர் கழுவுப்படட்டும்."

நான் ஓம் என்று தலையாட்டினேன். அவள் போனபிறகும் ஆட்டிக்கொண்டு நின்றேனாம். கல்லாவில் இருந்த பிள்ளை சொன்னது.

ஐந்து நாள் அந்தப் பக்கத்தை எழுதப் பார்த்தேன். "பெருந்தன்மை" என்று தொடங்கினேன், வெட்டினேன். அவள் கேட்டபடியே எழுதியிருந்தால் எனக்கு எந்தச் சேதமும் இல்லை. உன் பெயரும் ஒருவகையில் திரும்பியிருக்கும். அப்படி எழுதக்கூடியவன்தான் நான். எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இன்று காலை அந்தப் பெட்டி கிழிந்திராவிட்டால்.

வாகனத் தரிப்பிடத்திலிருந்து அப்படியே கிரான்பர்னுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வதனி கதவைத் திறந்து, இருங்கோ என்றாள். இருந்தால் சொல்ல மாட்டேன் என்று நின்றபடி சொன்னேன். உறைகுளிர் அறை நின்றது, ரவி சொன்னது, நான் ரோல்ஸ் தொடாதது, கூட்டத்தில் சொன்ன பொய், கடிதம் கொண்டுவந்தது. எல்லாம்.

அவள் அழவில்லை. உன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நண்டு நல்ல நண்டோ?"

"நல்ல நண்டு. நானே ரெண்டு கப் குடிச்சனான்."

பிறகு, நான் எதிர்பாராத கேள்வியைக் கேட்டாள்.

"இவருக்குத் தெரியுமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டதால் என்னால் முடியவில்லை.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"நான் கடிதம் கொண்டுவந்த அண்டையில இருந்து. நீர் உள்ளுக்க நிண்டனீர்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். "நான் அதுக்குப் பிறகு இந்த வீட்டில நண்டு தொடேல்லை அண்ணை. ஒருநாள்கூட. முந்தி கிழமைக்கொருக்கா வைக்கிற வீடு. ஏன் வைக்கிறேல்லை எண்டு இவர் ஒருநாளும் கேக்கேல்லை. என்னை நோகடிக்கக் கூடாதெண்டுதான் கேக்கேல்லை எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருந்தன்."

உன்னைக் காப்பாற்ற முயன்றேன், மச்சான். "நீர் உம்மையே பிழை சொல்லிக்கொண்டிருக்கிறீர் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்காது வதனி. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பான்."

"என்ர மனிசனை எனக்குத் தெரியும்," என்றாள்.

உனக்குத் தெரிந்திருக்கும் என்கிறாளா, தெரிந்திருக்காது என்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணிவில்லை. வாசல்வரை வந்து, "எழுதுங்கோ. அவருக்குத் தெரியும் எண்டதையும் விடாமல் எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். போட்டு வாங்கோ என்று சொல்லவில்லை.

இதையே ஆங்கிலத்தில் எழுதிக் கழகத்துக்கும் அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. கடைக்கு என்ன வரும் என்று தெரியாது. பதினாலு பேர் இப்போது இருபத்தொரு பேர். அவர்களிடம் நாளைக் காலை நானே சொல்ல வேண்டும். இவையெல்லாம் எனக்குக் கையாளத் தெரிந்த விஷயங்கள். கெட்ட செய்தியோடு ஆட்களுக்கு முன்னால் நிற்கப் பழகியவன் நான்.

எனக்குக் கையாளத் தெரியாதது ஒன்றுதான். உன் பெயரை நீயாகத் தந்தாய் என்று இத்தனை நாள் என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். அதோடு உன் வீட்டில் வதனியின் நிம்மதியும் போனது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்ததா? சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே இருந்து, நண்டு இல்லாத கறியைப் பிசைந்தபடி, "ஏனப்பா இப்ப நண்டு வைக்கிறேல்லை?" என்று கேட்க வாயெடுத்திருக்கிறாயா? கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், சொன்னால் நீ என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டிவரும் என்று விழுங்கியிருக்கிறாயா? எத்தனை இரவு? அப்படியானால், என்னோடு இருக்கவேண்டிய வெட்கத்தை உன்னுடைய மேசைக்குக் கொண்டுவந்து வைத்தவன் நான்தான். அப்படி இல்லை, உனக்கு ஒன்றும் தெரியாது என்றால், அதை அவளுக்குச் சொல்ல இனி ஆள் இல்லை. நீ அவளிடம் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வி இனி என்னிடம்தான் இருக்கும், மச்சான்.